தம்பதியர் சிகிச்சையும் குடும்பச் சிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மணவாழ்விலும் குடும்பத்திலும் எழும் சிக்கல்களுக்கு உளநல உதவியை நாட நினைப்போரும், உளவியல், சமூகப்பணி பயிலும் மாணவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. மருத்துவரையோ வழக்கறிஞரையோ நேரில் கலந்து பெறும் அறிவுரைக்கு இது ஈடாகாது.

தனிநபர் ஆலோசனைக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு என்ன?

தனிநபர் சிகிச்சை ஒருவருடைய எண்ணங்களையும் உணர்ச்சிகளையும் ஆராய்கிறது. தம்பதியர் சிகிச்சையும் குடும்பச் சிகிச்சையும் ஆட்களுக்கு இடையே திரும்பத் திரும்ப நிகழ்வதை ஆராய்கின்றன. மனைவி ஒன்று கேட்கிறார். கணவர் பதில் சொல்லாமல் கைபேசியை எடுக்கிறார். மனைவியின் குரல் உயர்கிறது. கணவர் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். மறுநாள் அதே கேள்வி இன்னும் கூர்மையாக வருகிறது. "நீ கத்துவதால்தான் நான் பேசுவதில்லை" என்பது கணவரின் கணக்கு. "நீங்கள் பேசாததால்தான் நான் கத்துகிறேன்" என்பது மனைவியின் கணக்கு. இருவரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் சங்கிலியைத் தமக்குத் தோதான கண்ணியிலிருந்து எண்ணத் தொடங்குகிறார்கள். துரத்தல், விலகல் என்று ஆய்வாளர்கள் குறிப்பிடும் இந்தச் சுழல், துன்பப்படும் தம்பதியரிடம் மிகப் பரவலாகக் காணப்படுவது. சிகிச்சையாளர் அந்தச் சுழலையே எடுத்து மேசைமேல் வைக்கிறார். யார் மேல் தவறு என்ற விசாரணையை நடத்துவதில்லை.

வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி வைப்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. பெரியவர்கள் கூடும்போது ஒரு தீர்ப்பு எதிர்பார்க்கப்படுகிறது; யாராவது ஒருவர் மன்னிப்புக் கேட்டு, "இனி இப்படி நடக்காது" என்று சொல்லி எழுந்தால் பேச்சு முடிந்ததாகக் கொள்ளப்படும். கூடியிருப்போர் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு பக்கத்து உறவினர் என்பதால் நடுநிலையை அவர்களிடம் எதிர்பார்ப்பதும் நியாயமன்று. பயிற்சி பெற்ற சிகிச்சையாளரிடம் தீர்ப்பு கிடைக்காது என்பதே பலருக்கு முதல் அமர்வில் ஏமாற்றமாக இருக்கும். எனினும், உறவினர் தலையீட்டை ஒரேயடியாகப் பழமை என்று தள்ளிவிடுவதும் சரியல்ல. சிறிய மனத்தாங்கல்கள் பல அவ்வாறுதான் தீர்ந்திருக்கின்றன. தீராமல் ஆண்டுக்கணக்கில் திரும்பி வருபவையே சிகிச்சை அறைக்கு வருகின்றன.

இம்முறை எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில், பெரும்பாலும் மனச்சிதைவு நோயை (ஸ்கிசோஃப்ரினியா) புரிந்துகொள்ளும் முயற்சியிலிருந்து வந்தது. மானுடவியலாளர் கிரிகரி பேட்சனும் அவருடன் கலிஃபோர்னியாவில் பணியாற்றிய டான் ஜாக்சன், ஜே ஹேலி, ஜான் வீக்லண்ட் ஆகியோரும் 1956இல் 'இரட்டைக் கட்டு' என்னும் கருத்தை வெளியிட்டனர். அக்கட்டுரையில் ஒரு காட்சி வருகிறது. மருத்துவமனையில் ஓரளவு தேறிவரும் இளைஞனைப் பார்க்கத் தாய் வருகிறார். மகன் மகிழ்ச்சியில் அவர் தோளில் கை போடுகிறான். தாயின் உடல் விறைக்கிறது. மகன் கையை எடுத்ததும், "உனக்கு என்மேல் பாசம் போய்விட்டதா?" என்று கேட்கிறார். அவன் முகம் சிவக்க, உணர்ச்சிகளுக்கு இவ்வளவு கூச்சமும் அச்சமும் கூடாது என்று அறிவுரையும் சொல்கிறார். சில நிமிடங்களுக்கு மேல் அவனால் தாயுடன் இருக்க முடியவில்லை. தாய் சென்றபின் ஊழியர் ஒருவரைத் தாக்குகிறான். அணைத்தாலும் தவறு, விலகினாலும் தவறு, அதைச் சுட்டிக்காட்டவும் வழியில்லை என்ற நிலையைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

அதே காலத்தில் மர்ரே போவென், பெதஸ்டாவிலுள்ள தேசிய மனநல நிறுவனத்தில் நோயாளியுடன் முழுக் குடும்பத்தையும் விடுதியில் தங்கவைத்து ஆராய்ந்தார். வர்ஜீனியா சடீர், நேதன் ஆக்கர்மன் ஆகியோரும் இத்துறையை உருவாக்கியவர்கள். அர்ஜென்டினாவில் பிறந்த சால்வடோர் மினுசின் நியூயார்க்கின் ஏழைக் குடும்பங்களிடம் வேலை செய்து, பின்னர் ஃபிலடெல்ஃபியாவில் 'அமைப்புசார் குடும்பச் சிகிச்சை'யை வளர்த்தார். குடும்பத்துக்குள் எல்லைகள் எங்கே இறுகியுள்ளன, எங்கே கரைந்துள்ளன, அதிகாரம் யார் கையில் என்பதே அவருடைய கேள்வி. மாமனார், மாமியார், மருமகள், பேரன் என்று ஒரே கூரையின் கீழ் வாழும் குடும்பத்தைப் பார்ப்பவருக்கு இக்கேள்வி உடனே பயன்படும். ஆனால் எது 'சரியான' எல்லை என்று அவர் வரைந்த கோட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து போட முடியாது.

அப்படியானால் நோய்க்குக் குடும்பம்தான் காரணம் என்கிறதா இத்துறை?

தொடக்கத்தில் ஏறத்தாழ அப்படித்தான் சொன்னது. ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் 1948இல் பயன்படுத்திய 'மனச்சிதைவை விளைவிக்கும் தாய்' என்ற கருத்து, ஒரு தலைமுறைத் தாய்மார்களைக் குற்றவாளிகளாக்கியது. அதை நிறுவும் சான்று கிடைக்கவில்லை. இன்று எந்தப் பொறுப்புள்ள சிகிச்சையாளரும் அதைச் சொல்வதில்லை. பேட்சன் குழுவின் காட்சியிலும் நாம் காண்பது நோய் பிடித்த மகனுக்கு முன் தடுமாறும் ஒரு தாயைத்தான் என்று இப்போது வாசிக்கத் தோன்றுகிறது.

திருத்தம் லண்டனிலிருந்து வந்தது. சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன் 1950களில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய ஆண் நோயாளிகளைப் பின்தொடர்ந்தபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டார்: பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களைக் காட்டிலும், உடன்பிறந்தோர் வீட்டிலும் வாடகை அறைகளிலும் தங்கியவர்களுக்கு நோய் மீள்வது குறைவாக இருந்தது. இதிலிருந்து பிறந்ததே 'வெளிப்படும் உணர்ச்சி' என்னும் அளவீடு. உறவினரைத் தனியே நீண்ட நேர்காணலுக்கு உட்படுத்தி, நோயாளியைப் பற்றி அவர் பேசும்போது எத்தனை குறைகூறல்கள் வருகின்றன, பகைமை உண்டா, அளவு மீறிய ஈடுபாடு உண்டா, கனிவு உண்டா என்று குரலின் தொனியையும் சேர்த்து மதிப்பிடுவர். 1970களில் பிரவுன், கிறிஸ்டின் வான், ஜூலியன் லெஃப் ஆகியோரின் ஆய்வுகள், இம்மதிப்பு உயர்ந்த வீடுகளில் நோய் மீள்வது அதிகம் என்று காட்டின. நோய் எப்படித் தொடங்கியது என்பதைப் பற்றி இந்த அளவீடு ஒன்றும் சொல்வதில்லை. நோய் வந்தபின் அதன் போக்கு வீட்டுச் சூழலோடு எப்படித் தொடர்புறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த வரம்பை மறந்தால் பழைய குற்றச்சாட்டு புதிய பெயரில் திரும்பிவிடும்.

சண்டிகரில் நரேந்திர விக் தலைமையிலான குழு லண்டன் ஆய்வாளர்களோடு இணைந்து 1987இல் வெளியிட்ட முடிவுகள் இந்தியர்களுக்கு முக்கியமானவை. லண்டனில் ஏறத்தாழ பாதி உறவினர்கள் 'உயர்' மதிப்பில் அடங்கியபோது, சண்டிகரில் கால்வாசிக்கும் குறைவானவர்களே அடங்கினர். கிராமத்து உறவினர்களிடம் அது இன்னும் குறைவு. நோயாளியின் சோம்பலாகத் தோன்றுவதை நோயின் கூறாக ஏற்கும் பொறுமை அங்கே கூடுதலாக இருந்தது என்று கொள்ள இடமுண்டு.

இந்தியாவில் இது இறக்குமதிச் சரக்கா?

கோட்பாடுகள் பல வெளியிலிருந்து வந்தவை; நடைமுறை அப்படியல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், இடநெருக்கடிக்கு நடுவே, நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்தில் கூடாரங்களில் தங்கவைத்து அவர்களையும் சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில் நோயாளியுடன் உறவினரும் தங்குவது வழக்கமாயிற்று. உறவினரை வாயிலோடு திருப்பியனுப்பிவந்த மேலை மனநோய் விடுதிகளோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிமான்ஸ் 1970களில் குடும்பச் சிகிச்சைக்கெனத் தனிப் பிரிவையே ஏற்படுத்திப் பயிற்சியும் அளித்துவருகிறது.

சென்னையில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃப், மனச்சிதைவு நோயாளிகளின் குடும்பங்களோடு நெடுங்காலமாகப் பணியாற்றுகிறது. அந்நிறுவனத்தின் மருத்துவர் தாராவும் சக ஆய்வாளர்களும் 2003இல் வெளியிட்ட, மணமுறிவுக்கு ஆளான பெண் நோயாளிகளைப் பற்றிய ஆய்வு வேதனை தருவது: அப்பெண்களில் பெரும்பாலோர் சட்டப்படி மணவிலக்கின்றியே கைவிடப்பட்டு, முதிய பெற்றோரின் பொறுப்பில் இருந்தனர். இந்தியக் குடும்பத்தின் தாங்கும் திறனைப் புகழும்போது, அந்தச் சுமை எந்த வீட்டின் மேல் இறங்குகிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. குடிநோய்த் துறையில், சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடிப்பவருக்குச் சிகிச்சை தரும்போதே மனைவிக்கும் குடும்பத்தாருக்கும் தனி நிகழ்ச்சி நடத்தும் முறையைக் கைக்கொண்டது.

முதல் அமர்வுகளில் என்னதான் நடக்கும்?

சிகிச்சையாளர் முதலில் ஒவ்வொருவரோடும் இணக்கம் ஏற்படுத்திக்கொள்வார். மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் ஒன்று வரையப்படலாம். பலர் இரண்டாம், மூன்றாம் அமர்வுகளில் கணவனையும் மனைவியையும் தனித்தனியே ஒருமுறை சந்திப்பர். ஆனால் குடும்பச் சிகிச்சையின் தனித்தன்மை அதன் கேள்விகளில் இருக்கிறது. மிலான் நகரில் மாரா செல்வினி பலட்சோலியும் அவருடைய மூன்று சக மருத்துவர்களும் உருவாக்கிய, ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கும் 'வட்டக் கேள்வி' முறையை ஒரு கற்பனைக் குடும்பத்தைக் கொண்டு பார்க்கலாம்.

பதினைந்து வயது மகன் பள்ளிக்குப் போக மறுக்கிறான். ஏன் போவதில்லை என்று அவனையே கேட்டால் தோளைக் குலுக்குவான். சிகிச்சையாளர் தங்கையிடம் கேட்கிறார்: "அண்ணன் எழுந்திருக்கமாட்டேன் என்று படுத்துக்கொண்டால், முதலில் அறைக்குள் போவது யார்?" "பாட்டி." "பாட்டி உள்ளே போனதும் அம்மா என்ன செய்வாங்க?" "சமையலறைக்குப் போயிடுவாங்க. பாத்திரச் சத்தம் கேக்கும்." "அப்பாவுக்கு எப்போது தெரியவரும்?" "ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணுவார்." "அம்மாவுக்கா?" "இல்ல, பாட்டிக்கு." அறையில் சிறிது நேரம் யாரும் பேசுவதில்லை. மகனுடைய பிடிவாதம் என்று பெயரிடப்பட்டு வந்த சிக்கலில், தாய் தன் வீட்டிலேயே பேச்சுக்கு வெளியே நிற்பது இப்போது எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஒரு சிறுமி பார்த்ததைச் சொன்னாள். இதன்பின் சிகிச்சையாளர், காலையில் மகனை எழுப்பும் பொறுப்பைத் தாயும் தந்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளும்படியும், பாட்டிக்கு மாலையில் பேரனோடு ஒரு நேரத்தை ஒதுக்கும்படியும் கேட்கலாம். பாட்டியின் மதிப்பைக் குறைக்காமல் இதைச் சொல்வதில்தான் அவருடைய திறமை தெரியும்.

தம்பதியர் சிகிச்சையில் எத்தனை வகைகள் உள்ளன?

பல உள்ளன. ஆய்வில் அதிகம் சோதிக்கப்பட்டவை மூன்று. நடத்தைசார் சிகிச்சை, பேசும் முறையையும் சிக்கல் தீர்க்கும் முறையையும் பயிற்சியாகத் தருகிறது. நீல் ஜேக்கப்சனும் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சனும் அதிலிருந்து வளர்த்த ஒருங்கிணைந்த நடத்தைசார் சிகிச்சை, மாறக்கூடியதை மாற்றுவதோடு, மாறாத வேறுபாடுகளை ஏற்றுக்கொள்ளவும் கற்பிக்கிறது. சூ ஜான்சனும் லெஸ்லி கிரீன்பெர்க்கும் 1980களில் உருவாக்கிய உணர்ச்சி மையச் சிகிச்சை, கோபத்தின் அடியில் கிடக்கும் 'நான் இவருக்கு முக்கியமா?' என்ற பற்றுறவுக் கேள்வியை வெளியே கொண்டுவர முயல்கிறது. நல்ல சிகிச்சையாளர் எந்த முறையைப் பின்பற்றுபவராயினும், சுழலை அடையாளம் காட்டுவது, இருவரோடும் சமமான நம்பிக்கையை வளர்ப்பது, நம்பிக்கையிழந்தோருக்கு எதிர்பார்ப்பை மீட்டுத்தருவது ஆகியவற்றைச் செய்தே ஆகவேண்டும். பலன் இப்பொதுக் கூறுகளிலிருந்து எவ்வளவு, தனிமுறைகளிலிருந்து எவ்வளவு என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

உண்மையில் பலன் உண்டா?

உண்டு, ஆனால் எல்லாருக்கும் இல்லை, எப்போதைக்குமாகவும் இல்லை. சிகிச்சை பெறாமல் காத்திருப்போரோடு ஒப்பிட்ட ஆய்வுகளின் தொகுப்புகள் கணிசமான முன்னேற்றத்தைக் காட்டுகின்றன. காத்திருக்கும் தம்பதியர் தாமாகத் தேறுவது அரிது என்பதும் அவற்றிலிருந்து தெரிகிறது.

நீண்டகால விளைவுக்குக் கிறிஸ்டென்சன் குழுவின் ஆய்வே சிறந்த சாட்சி. லாஸ் ஏஞ்சலஸிலும் சியாட்டிலிலும் கடுமையாகவும் நெடுநாளாகவும் துன்புற்ற 134 தம்பதியர், மரபான நடத்தைசார் சிகிச்சைக்கோ ஒருங்கிணைந்த சிகிச்சைக்கோ குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, அதிக அளவாக 26 அமர்வுகள் பெற்றனர். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஒருங்கிணைந்த முறையில் 69 விழுக்காட்டினரும் மரபான முறையில் 60 விழுக்காட்டினரும் மருத்துவ நோக்கில் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றத்தில் இருந்தனர். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவ்வெண்கள் 50, 46 என்று இறங்கின. இரு பிரிவிலும் கால்வாசிக்குச் சற்று மேற்பட்டோர் பிரிந்திருந்தனர். இந்த இறக்கத்தைத் தோல்வி என்று வாசிப்பதைவிட, ஓராண்டு கழித்து ஒன்றிரண்டு மறு அமர்வுகளுக்கு வர வேண்டும் என்பதற்கான காரணமாக வாசிப்பது பயனுள்ளது.

இதற்கு முன் டக்ளஸ் ஸ்னைடர் 1991இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு ஆண்டுகளுக்குப் பின் நடத்தைசார் சிகிச்சை பெற்றோரில் 38 விழுக்காட்டினரும், சிக்கலின் அடியிலுள்ள உணர்ச்சிகளைப் புரியவைக்கும் உள்நோக்குச் சிகிச்சை பெற்றோரில் வெறும் 3 விழுக்காட்டினரும் மணவிலக்குப் பெற்றிருந்தனர். இவ்வளவு பெரிய வேறுபாடு பரபரப்பூட்டியது. தம் முறையின் வலுவான வடிவம் அங்கே பயன்படுத்தப்படவில்லை என்று ஜேக்கப்சன் மறுத்தார். ஒரே ஓர் ஆய்வை வைத்துக் கொடி பிடிக்கக் கூடாது என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

விவாகரத்தைத் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் துல்லியமாக முன்கூட்டியே சொல்ல முடியும் என்கிறார்களே?

இது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் காட்மன் நடத்திய ஆய்வுகளைப் பற்றிய கூற்று. தம்பதியரை ஒரு கருத்து வேறுபாட்டைப் பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் செய்து, முகபாவம், குரல், இதயத் துடிப்பு ஆகியவற்றை நொடிக்கு நொடி பதிவு செய்தனர். குறைகூறல், இகழ்ச்சி, தற்காப்பு வாதம், சுவர்போல் மௌனம் ஆகிய நான்கும் முறிவோடு தொடர்புடையவை என்றும், அவற்றுள் இகழ்ச்சியே மிகக் கொடியது என்றும் அவர் கண்டார். உறவு நிலைத்த தம்பதியர் சண்டையின் நடுவிலும் ஒரு கசப்புக்கு ஐந்து இனிமை என்ற அளவில் நடந்துகொண்டனர்.

இக்கண்டுபிடிப்புகள் பயனுள்ளவை. 'தொண்ணூறு விழுக்காடு' என்பதைத்தான் ஐயத்தோடு அணுக வேண்டும். யார் பிரிந்தார்கள் என்பது தெரிந்தபின் அதற்குப் பொருந்தும் சமன்பாட்டைத் தேடி, அதே தம்பதியரிடம் அதன் துல்லியத்தைக் கணக்கிட்டால் எண் உயர்ந்தே தீரும். புதிய தம்பதியரிடம் சோதித்தால் வெகுவாக இறங்கும் என்று ரிச்சர்ட் ஹேமனும் ஏமி ஸ்லெப்பும் 2001இல் எடுத்துக்காட்டினர். உங்கள் வீட்டில் இந்த நான்கும் தென்பட்டால் அது எச்சரிக்கை. எழுதப்பட்ட விதி என்று மனம் தளர வேண்டியதில்லை.

தம்பதியர் ஆறு ஆண்டுகள் தாமதித்த பிறகே உதவி நாடுகிறார்கள் என்பது உண்மையா?

பலமுறை மேற்கோள் காட்டப்படும் இவ்வெண்ணுக்கு உறுதியான அடித்தளம் இல்லை. வில்லியம் டோஹர்ட்டியும் உடனாய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் சராசரித் தாமதம் மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாகவே இருந்தது. அதுவும் குறுகிய காலமல்ல.

கணவர் வர மறுக்கிறார். நான் மட்டும் போகலாமா?

போகலாம். சுழலில் ஒருவர் தம் அடியை மாற்றினாலும் அடுத்தவர் பழைய அடியையே வைப்பது கடினம். ஆயினும் நெடுநாள் ஒருவரை மட்டுமே சந்தித்துவந்த சிகிச்சையாளரிடம் பின்னர் இருவருமாகப் போனால், புதிதாக வருபவர் அவரை எதிர்த்தரப்பு வழக்கறிஞராகவே பார்ப்பார். அப்போது வேறொருவரை நாடுவது நல்லது. "உங்களுக்குத்தான் கோளாறு, வந்து காட்டுங்கள்" என்று அழைப்பதைவிட, "நாம் பேசத் தொடங்கினாலே சண்டையாகிவிடுகிறது, அதற்கு எனக்கு உதவி வேண்டும்" என்று அழைத்தால் வரும் வாய்ப்பு அதிகம்.

மாமியாரையும் அமர்வுக்கு அழைத்து வரவேண்டுமா?

அது சிக்கலைப் பொறுத்தது. மேலைப் பாடநூல்கள் தம்பதியரைச் சுற்றி உறுதியான எல்லையை வரையச் சொல்லும். நம் வீடுகளில் பணம், சமையல், குழந்தை வளர்ப்பு, பண்டிகைக்கு எந்த ஊருக்குப் போவது என்பன போன்ற முடிவுகள் தலைமுறைகளைத் தாண்டி எடுக்கப்படுவதால், மாமியாரை விலக்கிவிட்டுச் செய்யும் ஒப்பந்தம் வீட்டு வாசலிலேயே உடைந்துவிடலாம். ஆனால் மூத்தவர் முன்னிலையில் மருமகள் பேசவே முடியாத வீடுகளும் உண்டு. ஆகவே முதலில் தம்பதியரை மட்டும் சந்தித்து, கணவரைத் தன் தாயிடம் தானே பேசும் நிலைக்குக் கொண்டுவந்து, பின்னர் தேவையானால் மூத்தவர்களை ஒன்றிரண்டு அமர்வுகளுக்கு மரியாதையோடு அழைப்பதே பெரும்பாலும் நல்ல வரிசை. மனைவி சொல்ல வேண்டியதைக் கணவர் தாயிடமும், தாய் சொல்ல வேண்டியதைக் கணவர் மனைவியிடமும் சுமந்து செல்லும் முக்கோணமே, இத்தகைய வீடுகளில் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு.

ஒருவர் பிரிந்துவிட ஏறத்தாழ முடிவு செய்துவிட்டார். மற்றவர் சேர்ந்து வாழ விரும்புகிறார். இப்போது சிகிச்சை பயன்படுமா?

வழக்கமான தம்பதியர் சிகிச்சை அந்நிலையில் பெரும்பாலும் தோற்கும், ஏனெனில் ஒருவர் வேலை செய்யவே வரவில்லை. டோஹர்ட்டி இதற்கென உருவாக்கிய 'தெளிவுபெறும் ஆலோசனை'யில் ஐந்து அமர்வுகளுக்கு மேல் இல்லை. இருவரையும் தனித்தனியே பேசவைத்து, இப்படியே தொடர்வதா, பிரிவதா, ஆறு மாதம் முழு மனத்தோடு முயன்று பார்ப்பதா என்று முடிவு செய்ய உதவுவதே அதன் நோக்கம். பிரிவதென்று முடிவானாலும் அமர்வுகள் வீண் அல்ல. குழந்தைகளிடம் எப்படிச் சொல்வது, யார் எப்போது பார்ப்பது என்பவற்றைப் பகையின்றிப் பேசவும் சிகிச்சை அறை பயன்படும்.

வீட்டில் அடி உதை இருந்தால்?

முன்னர் சொன்ன சுழல் விளக்கத்துக்கு இங்கே எல்லை வருகிறது. அடிப்பதற்கு அடிப்பவரே பொறுப்பு. அதை 'இருவருக்கும் இடையே நிகழ்வது' என்று பங்கிட்டுக் கொடுப்பது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அமர்வில் மனைவி துணிந்து சொன்ன ஒரு வாக்கியத்துக்கு வீடு திரும்பியபின் அவர் விலை கொடுக்க நேரலாம். இதனால்தான் ஒவ்வொருவரையும் தனியே சந்தித்து வன்முறையைப் பற்றி நேரடியாகக் கேட்பது கட்டாயம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை எப்போதாவது சந்தித்ததாகக் கூறியிருக்கும்போது, இக்கேள்வியைக் கேட்காத சிகிச்சையாளரை நம்பக் கூடாது.

சமூகவியலாளர் மைக்கேல் ஜான்சன், வாக்குவாதம் முற்றி எப்போதாவது கைநீளும் நிலையையும், அச்சுறுத்தியும் பணத்தை முடக்கியும் தாய்வீட்டுத் தொடர்பை அறுத்தும் ஒருவரை அடக்கி ஆளும் நிலையையும் வேறுபடுத்தினார். முதல் வகையில், கவனமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட சில தம்பதியருக்கு இணைந்த சிகிச்சை உதவலாம் என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. இரண்டாம் வகையில் இணைந்த அமர்வு கூடவே கூடாது. அங்கே முதல் தேவை பாதுகாப்பு: 181 மகளிர் உதவி எண், 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் உள்ள பாதுகாப்பு அலுவலர், தனிநபர் ஆலோசனை. "இரண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்ற அறிவுரை இங்கே கொடுமைக்குத் துணைபோவதாகும்.

தனியே சந்திக்கும்போது சொல்லும் ரகசியத்தைத் துணைவரிடம் சொல்லிவிடுவார்களா?

சிகிச்சையாளருக்குச் சிகிச்சையாளர் கொள்கை மாறும். சிலர் எந்த ரகசியத்தையும் தனியே வைத்துக்கொள்வதில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவர். சிலர் வைத்துக்கொண்டு, அதை வெளியே சொல்ல உங்களுக்கு அவகாசமும் துணையும் தருவர். நடந்துகொண்டிருக்கும் வேறோர் உறவை மறைத்துக்கொண்டு இணைந்த சிகிச்சையைத் தொடர்வதைப் பெரும்பாலோர் ஏற்பதில்லை. அச்சத்தால் மறைக்கப்படும் வன்முறைத் தகவல் மட்டும் எப்போதும் காக்கப்பட வேண்டியது. முதல் சந்திப்பிலேயே கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

குடும்ப நல நீதிமன்றத்தில் தரப்படும் ஆலோசனை இதுதானா?

இல்லை. 1984ஆம் ஆண்டுக் குடும்ப நீதிமன்றங்கள் சட்டம், வழக்கை விசாரிக்கும் முன் சமரசத்துக்கு முயல வேண்டிய கடமையை நீதிமன்றத்துக்கு விதிக்கிறது. அங்குள்ள ஆலோசகர்கள் அப்பணிக்காக அமர்த்தப்பட்டவர்கள். வழக்கு தொடர்ந்தபின், குறுகிய நேரத்தில், பெரும்பாலும் உறவினர்கள் வெளியே காத்திருக்க நடக்கும் பேச்சு அது. இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி இசைவு மணவிலக்குக்கு வைக்கப்பட்டுள்ள ஆறு மாதக் காத்திருப்பும் மறுயோசனைக்கான இடைவெளியே; பொருத்தமான வழக்குகளில் அதை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. உண்மையில் முயன்று பார்க்க விரும்புவோர் மனு போடுவதற்கு முன்பே சிகிச்சையாளரிடம் செல்வது நலம்.

எந்த நோய்களில் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வதற்குச் சான்று வலுவாக உள்ளது?

மனச்சிதைவு நோயில் மருந்தோடு சேர்த்துக் குடும்பத்துக்கு நோய்க்கல்வி அளித்தால் நோய் மீள்வதும் மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறைகின்றன என்பது பல நாடுகளில் உறுதிப்பட்டுள்ளது. மண உறவிலும் துன்பமுள்ள மனச்சோர்வு நோயாளிகளுக்குத் தம்பதியர் சிகிச்சையும், குடிநோய்க்குத் துணைவரைச் சேர்த்த நடத்தைசார் சிகிச்சையும் பயன் தருகின்றன.

உணவு மறுக்கும் அனோரெக்சியா நோயின் வரலாறு தனியே சொல்லத் தக்கது. மினுசின் தம் அறைக்கு உணவை வரவழைத்து, பெற்றோர் நோயுற்ற மகளை உண்ணவைக்க முயல்வதை நேரில் கண்டு தலையிட்டார். 1978இல் 53 நோயாளிகளில் 86 விழுக்காட்டினர் தேறியதாக அவர் குழு அறிவித்தது, ஆனால் ஒப்பீட்டுக் குழு இல்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையினர் சேர்ந்து உண்ணும் அமர்வை எடுத்துக்கொண்டு, குடும்பத்தின் கோளாறே நோய்க்குக் காரணம் என்ற கருத்தைக் கைவிட்டனர். பெற்றோரைக் குற்றவுணர்விலிருந்து விடுவித்து, மகள் உண்பதற்கான பொறுப்பைத் தற்காலிகமாக அவர்கள் கையில் தந்தனர். 2010இல் அமெரிக்காவில் 121 பதின்வயதினரிடம் நடந்த ஆய்வில், சிகிச்சை முடிந்த ஓராண்டுக்குப் பின் இம்முறையில் 49 விழுக்காட்டினரும், தனிநபர் சிகிச்சையில் 23 விழுக்காட்டினரும் முழுமையாகத் தேறியிருந்தனர்.

யாரிடம் போவது? தகுதியை எப்படி அறிவது?

இந்தியாவில் தம்பதியர் சிகிச்சையாளருக்கெனத் தனி உரிமம் இல்லை; 'ஆலோசகர்' என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளும் நிலைதான் இன்னும் இருக்கிறது. மனநல மருத்துவர், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர், உளநல சமூகப்பணியில் முதுநிலைப் பயிற்சி பெற்றவர் ஆகியோரில் ஒருவரைத் தேடி, குடும்பத்தோடு வேலை செய்யத் தனியாக எங்கே பயின்றார், யாருடைய மேற்பார்வையில் பயின்றார் என்று தயங்காமல் கேளுங்கள். தனிநபர் சிகிச்சையில் கைதேர்ந்தவர்கூட, அறையில் இருவர் ஒரே நேரத்தில் குரலுயர்த்தும்போது செயலற்றுப்போவது உண்டு. சாதி, மதம், பாலினம், குழந்தைப்பேறு பற்றித் தம் கருத்தைத் திணிப்பவர், மூன்று அமர்வுகளில் உறுதியான பலன் என்பவர், உங்களில் ஒருவரோடு மட்டும் கூட்டுச் சேர்பவர் ஆகியோரிடமிருந்து விலகிவிடலாம். தொடக்க வழிகாட்டுதலுக்கு ஒன்றிய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் தமிழிலேயே அழைக்கலாம்.

வெளிநாட்டில் ஒருவர், ஊரில் ஒருவர் என்றிருக்கிறோம். இணையவழியில் செய்யலாமா?

செய்யலாம். அமெரிக்காவில் பிரையன் டாஸ் குழு 300 தம்பதியரிடம் சோதித்து 2016இல் வெளியிட்ட இணையவழித் திட்டம், சிகிச்சையாளரின் சிறிதளவு தொலைபேசித் துணையோடும் உறவு நிறைவை உயர்த்தியது. காணொளி அமர்வுக்கு இரண்டு நிபந்தனைகள் வையுங்கள்: இருவரும் தனித்தனித் திரையில், பிறர் காதில் விழாத இடத்தில் இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தால் யார் யாரை அழைப்பது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பாதி வாக்கியத்தில் திரை கறுத்துவிட்டால், அவர் வேண்டுமென்றே துண்டித்தார் என்ற எண்ணம் அடுத்த சண்டைக்குப் போதுமானது.

எத்தனை அமர்வுகள் தேவைப்படும்? எப்போது நிறுத்தலாம்?

வாரம் ஒன்றாகத் தொடங்கி எட்டு முதல் இருபது அமர்வுகள் என்பது பொதுவான அளவு. நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகும், சண்டை எங்கே தொடங்கி எப்படிச் சுழல்கிறது என்பதையாவது இருவரும் ஒரே மாதிரி சொல்ல முடியவில்லையானால், அதைச் சிகிச்சையாளரிடமே வெளிப்படையாகக் கேட்பது உங்கள் உரிமை. முன்னேற்றம் தெரிந்ததும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பின்னர் மாதத்துக்கு ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் நிறுத்துவார்கள். சண்டை முற்றாக நின்றுபோக வேண்டுமென்று காத்திருப்பதில்லை, சண்டைக்குப் பின் சிகிச்சையாளரின் துணையின்றி நீங்களாகவே ஒருவரிடம் ஒருவர் திரும்பிவர எவ்வளவு நேரமாகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.